பின் விங், ஸ்பாய்லர் மாட்டிய பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

விங் மாட்டிய கார் பட்டறைக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வேகத்துல வருது தம்பி?" என்பதுதான். தொல்லை விசிலாக இருக்கலாம், ஆட்டமாக இருக்கலாம், வளைவில் பின்பக்கம் வழுக்குவதாகவும் இருக்கலாம். "எப்பவுமே வருதுண்ணே, தெருமுனையில திரும்பும்போதே வருது" என்று பதில் வந்தால் விங்கைத் தொடவே வேண்டியதில்லை. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. 1.4 மீட்டர் நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள ஒற்றைத் தகடு விங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுத்தமான காற்றில், ஒழுங்கான கோணத்தில் வைத்தால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அது காரைக் கீழே அழுத்துவது சுமார் இரண்டரை கிலோதான். 60-ல் 6 கிலோ, 100-ல் 16 கிலோ, 160-ல் 40 கிலோ. வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். கூரையைத் தாண்டி வரும் கலங்கிய காற்றில் நின்றால் இதுவும் கிடைக்காது. ஆக, 40-ல் வரும் வழுக்கலுக்கு இரண்டரை கிலோ காரணமாகவும் இருக்காது, மருந்தாகவும் ஆகாது.

இன்னொன்று. கடையில் எல்லாவற்றையும் "ஸ்பாய்லர்" என்றே விற்பார்கள். டிக்கியோடு அல்லது கூரை விளிம்போடு ஒட்டி உட்கார்ந்திருப்பதை நான் இங்கே ஸ்பாய்லர் என்கிறேன். தூண் வைத்து உயர்த்தி, மேலும் கீழும் காற்று போக இடம் இருந்தால் அது விங். ஸ்பாய்லர் பெரும்பாலும் பின்பக்கம் தூக்குவதைக் குறைக்கும், விங் கீழே அழுத்தும். கோணம் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் விங்குக்கு மட்டும்.

சோதனை எதுவானாலும் முதலில் நான்கு டயரிலும் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். அப்புறம் வீல் நட். அதிவேகத்தில் பார்க்க வேண்டியவற்றைப் பொதுச் சாலையில் பார்க்காதீர்கள். அதற்குச் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் கோவைப் பக்கம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன.

## அறிகுறி 1: விசில், ஊளை, படபடப்பு

மூன்றும் மூன்று வேறு சத்தங்கள். ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு 70–80-ல் ஓட்டுங்கள். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று அவர் சொல்லட்டும்.

மெல்லிய விசில் என்றால் எங்கோ ஒரு சந்து இருக்கிறது. பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் ஒரு ரோல் போதும். ஸ்பாய்லர் அடிப்பகுதிக்கும் டிக்கிக்கும் நடுவே உள்ள இடைவெளியை முதலில் மூடி ஓட்டிப் பாருங்கள். போகவில்லையா? அதைப் பிரித்துவிட்டு விங்கின் பக்கத் தகடுகளில் உள்ள காலி போல்ட் ஓட்டைகளை மூடுங்கள். கோணம் மாற்றுவதற்காகக் கொடுத்திருக்கும் உபரி ஓட்டைகள் அடிக்கடி விசிலடிக்கும். அடுத்து, உள்ளே பொள்ளலாக இருக்கும் அலுமினிய விங்கின் இரு முனைகள். காலி பாட்டில் வாயில் ஊதுவது போலத்தான் அங்கே சத்தம் பிறக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் மூட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மூடினால் சத்தம் நிற்கும், ஆனால் எது குற்றவாளி என்று தெரியாது.

இடம் தெரிந்துவிட்டால் வைத்தியம் மலிவு. சந்துக்கு ரப்பர் பீடிங், ஓட்டைக்கு ரப்பர் மூடி, பொள்ளல் முனைக்குப் பிளாஸ்டிக் அடைப்பு. தண்ணீர் வடிவதற்கென்று கீழ்ப்பக்கம் விட்டிருக்கும் சின்ன ஓட்டையை மட்டும் நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள்.

ஒரே சுருதியில் ஊளை என்றால் பின் விளிம்பைப் பாருங்கள். காற்று விளிம்பை விட்டுப் பிரியும்போது சீராகத் துடித்து அந்தச் சத்தத்தை எழுப்பும். விளிம்பு நெடுக ஒரு பட்டை டேப் ஒட்டியோ, மெல்லிய பீடிங் வைத்தோ ஓட்டிப் பாருங்கள். சுருதி மாறினாலோ நின்றாலோ காரணம் அதுதான்.

படபடவென்றால் அது காற்றுச் சத்தமே அல்ல, எதுவோ லூசாக இருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

டேப்பை எங்கே ஒட்டினாலும் சத்தம் மாறவில்லையா? விங்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் கேட்டால் கதவு ரப்பர், பின் கண்ணாடி பீடிங், கூரைக் கேரியர் என்று தேட வேண்டும். ஸ்பாய்லரின் வளைவு டிக்கியின் வளைவோடு பொருந்தாமல் ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றால் டிங்கரிங் ஆளிடம் கொடுங்கள். நீங்களே போல்ட்டை முறுக்கி இழுத்துப் பொருத்தினால் டிக்கித் தகடு சொட்டையாகும்.

## அறிகுறி 2: விங் ஆடுகிறது, கண்ணாடியில் பார்த்தால் நடுங்குகிறது

இதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்ற அறிகுறிகள் உங்கள் வண்டியோடு முடியும். இது பின்னால் வரும் பைக்காரர் மேல் போய் விழும்.

வண்டியை நிறுத்தி, விங்கின் இரு முனைகளையும் பிடித்து மேலும் கீழும், அப்புறம் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கண் விங்கில் இருக்க வேண்டாம். தூணின் அடிப்பாதத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும்.

விங் மட்டும் ஆடுகிறது, தூண் அசையவில்லை. தூண் உச்சியில் உள்ள போல்ட் லூசு. சாதா நட்டுக்குப் பதில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்) போடுங்கள், முடிந்தது. ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகி இருந்தால் போல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, தூணையே மாற்ற வேண்டும்.

தூணும் சேர்ந்து ஆடுகிறது, பாதத்தைச் சுற்றித் தகடு உள்ளே போய் வருகிறது. அதிகமாக வருவது இதுதான். டிக்கியின் மேல்தகட்டை விரலால் அழுத்தினாலே உள்ளே போகும், அவ்வளவு மெல்லிசு. அதில் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு ரூபாய் அளவு வாஷர் வைத்து முறுக்கியிருப்பார்கள். பாதத்தைச் சுற்றிப் பெயின்ட்டில் நட்சத்திரம் போல முடிக்கீறல் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கீறல் இல்லை என்றால் வைத்தியம் எளிது. பாதத்தைவிடப் பெரிய, 2–3 மி.மீ. தடிமன் அலுமினியத் தகடு ஒன்றை டிக்கியின் உட்பக்கம் வைத்து, எல்லா போல்ட்டும் அதன் வழியே போகும்படி முறுக்குங்கள். முடிந்தால் அந்தத் தகடு உள்சட்டத்தையும் எட்டட்டும். கீறல் இருந்தால் தகடு களைத்துவிட்டது. முதலில் டிங்கரிங், அப்புறம்தான் விங்.

ஃபைபர் டிக்கியாக இருந்தால் போல்ட் போகும் இடத்தில் ஒரு உலோகக் குழாய்த்துண்டு வைத்து முறுக்குங்கள். இல்லையென்றால் முறுக்க முறுக்க ஃபைபர் நசுங்கும், நசுங்க நசுங்க மறுபடி லூசாகும்.

டிக்கி மூடியே ஆடுகிறது. லாக்கும் ரப்பர் புஷ்ஷும். டிக்கியின் இரு மூலையில் உள்ள ரப்பர் புஷ்ஷைக் கொஞ்சம் உயர்த்தினாலே பல வண்டிகளில் ஆட்டம் நிற்கும்.

டேப்பில் ஒட்டிய ஸ்பாய்லர் முனை தூக்குகிறது. அழுத்தி அழுத்தி மறுபடி ஒட்ட முயல வேண்டாம். பழைய டேப்பை முழுக்க எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் போடுங்கள். 3எம் விஹெச்பி வகை டேப் அறை வெப்பநிலையில் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் எடுக்கும். ஒட்டிய அன்றே வாட்டர் வாஷுக்கு விட்டால் மறுபடி தூக்கும். மதிய வெயிலில் கொதிக்கிற தகட்டில் ஒட்டக் கூடாது, நிழலில் நிறுத்தி ஆறவிட்டு ஒட்டுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், டேப் ஸ்பாய்லருக்கு மட்டும்தான். தூண் வைத்த விங்கை டேப்பில் நிறுத்தாதீர்கள்.

முறுக்கி முடித்ததும் எடை வைத்துப் பாருங்கள். நீங்கள் ஓடப்போகும் உச்ச வேகத்தில் வரும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு எடையை மணல் பைகளில் நிரப்பி, விங் நெடுகப் பரப்பி வையுங்கள். 160-ல் ஓடுவீர்கள் என்றால் 60 கிலோ. பாதம் டிக்கியில் அமுங்குகிறதா, தூண் சாய்கிறதா, எடையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வருகிறதா? வரவில்லை என்றால் அந்த விங்கோடு டிராக்குக்குப் போகக் கூடாது.

பந்தய உலகம் இதை ரத்தம் சிந்திக் கற்றது. 1969-ல் பார்சிலோனாவின் மொன்ட்ஜூயிக் சாலைகளில் நடந்த ஸ்பானிஷ் கிராண்ட் பிரி ஃபார்முலா ஒன் பந்தயத்தில், லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும், கிரஹாம் ஹில் ஓட்டியதிலும் யோகன் ரின்ட் ஓட்டியதிலும், உயரத் தூண்களில் நின்ற பின் விங்குகள் முறிந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில், சாலை மேடேறி இறங்கும் இடத்தில். ரின்ட்டுக்குக் காயம். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர விங்குகளுக்குத் தடை வந்தது. உலகத்தின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றுக்கே தூண்தான் காலை வாரியது என்பதை நினைத்துக்கொண்டு ஸ்பேனரைப் பிடியுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: தூணின் வெல்டிங்கில் முடியளவு கீறல் இருந்தாலும், டிக்கியின் உள்சட்டத்து ஸ்பாட் வெல்ட் விட்டிருந்தாலும், விங்கை அங்கேயே கழற்றிவிட்டு டிங்கரிங் ஆளிடம் ஓட்டிக்கொண்டு போங்கள்.

## அறிகுறி 3: வேகம் போனால் பின்பக்கம் மிதக்கிறது

இரண்டு கிளை.

### மெதுவான வளைவிலும் வருகிறது

விங்கை மறந்துவிடுங்கள். டயர் காற்று, அப்புறம் டயரின் வயது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் (டயரின் மேல்வரி) நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் கல்லாகியிருக்கும். அடுத்து பின் ஷாக், பின் புஷ், கடைசியாக அலைன்மென்ட். நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் பின்னால் டார்ஷன் பீம்தான் (இரு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே சட்டம்), அதில் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மாற்ற வசதி இருக்காது. ரிப்போர்ட்டில் பின் டோ கணக்குக்கு வெளியே இருந்தால் பீம் வளைந்திருக்கலாம். அது சஸ்பென்ஷன் தெரிந்தவர் வேலை.

### 90, 100-ஐத் தாண்டினால் மட்டும் வருகிறது

காற்று. சிரிக்காதீர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் கோவைப் பக்கத்துச் சாலைகளில் எந்த வண்டியும் நகரும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் கேட்கவே வேண்டாம், காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. அதே சாலையில் விடியற்காலையில், இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் வந்தால் அது காற்றுதான்.

முன்னால் புதிதாக லிப் (முன் பம்பரின் அடியில் மாட்டும் பட்டை) போட்டீர்களா? முன்பக்கம் தூக்குவது குறைந்தால், பின்பக்கம் மாறாமல் இருந்தாலும் ஓட்டுபவருக்குப் பின்பக்கம் லேசாகத் தெரியும். லிப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

உயரம். ஸ்பிரிங் மாற்றிய பிறகு நான்கு வீல் ஆர்ச்சிலிருந்தும் தரை வரை அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். முன்னும் பின்னும் எவ்வளவு சாய்வு என்பது மாறினால், வண்டிக்கு அடியில் போகும் காற்றும் மாறும்.

விங் தலைகீழா? கடையில் மாட்டி வந்த வண்டிகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விமான இறக்கையில் உப்பிய பக்கம் மேலே இருக்கும், அது தூக்குவதற்கானது. கார் விங்கில் உப்பிய பக்கம் கீழே இருக்க வேண்டும், பின்விளிம்பு முன்விளிம்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். மாறி இருந்தால் 100-ல் உங்கள் விங் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

கோணம் அதிகம். நிறையச் சாய்த்தால் நிறைய அழுத்தும் என்ற நினைப்பில்தான் பலர் கெடுக்கிறார்கள். ஒற்றைத் தகடு விங் காற்றின் திசைக்கு 12–15 டிகிரியைத் தாண்டினால், அடிப்பக்கத்துக் காற்று தகட்டை விட்டுப் பிரிந்துவிடும். அழுத்தம் சரியும், இழுவை ஏறும். இதில் கவனிக்க வேண்டியது, காற்றின் திசைக்கு என்பது. தரைக்கு அல்ல. செடானின் கூரையிலிருந்து பின் கண்ணாடி வழியே காற்று கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. அது 8 டிகிரி சரிந்து வந்தால், தரைக்கு 10 டிகிரியில் நீங்கள் வைத்த விங்கின் நடுப்பகுதிக்கு அது 18 டிகிரி. கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளுக்கு வெறும் 10. நடுவில் ஒரு கோணமும் முனைகளில் வேறு கோணமுமாகத் திருகின விங்குகளைச் செய்வது இதனால்தான்.

பார்ப்பது எப்படி? கம்பளி நூலை 6–7 செ.மீ. துண்டுகளாக வெட்டி, விங்கின் அடிப்பக்கத்தில் மூன்று வரிசையாக டேப்பால் ஒட்டுங்கள். மேல்பக்கம் ஒட்டிப் பயனில்லை, அங்கே எப்போதும் நூல் அழகாகப் படுத்தே கிடக்கும். சின்னக் கேமரா ஒன்றை டிக்கி மேல், விங்குக்கு அடியில் பார்க்கும்படி உறிஞ்சுபிடியில் வைத்து, கயிறு கட்டிப் பாதுகாத்து, டிராக்கில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். நூல்கள் பின்னோக்கி நேராகக் கிடந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. சுழன்று முன்னோக்கித் திரும்பினால் பிரிந்துவிட்டது. இரண்டு டிகிரி குறைத்து மறுபடி பாருங்கள். நடுவில் சுழல்வது நின்று, எல்லா நூலும் படியும் கோணம்தான் உங்கள் உச்சம்.

உயரம் போதவில்லை. கோணத்தை எவ்வளவு குறைத்தாலும் நடுநூல்கள் சுழல்கின்றன என்றால், விங் கூரையின் நிழலில் நிற்கிறது. தூணை உயர்த்த வேண்டும், கூரை மட்டத்தை ஒட்டி வந்தால் நல்ல காற்று கிடைக்கும். தூண் உயர்ந்தால் பாதத்துக்கு வரும் திருகுவிசையும் கூடும், ஆகவே எடை வைத்துப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மிதந்தால் சஸ்பென்ஷன் தெரிந்தவரிடம் போங்கள். ஆடி டிடி (Audi TT) காரின் முதல் தலைமுறைக் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். 1998-ல் வந்த அந்தக் கார், ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் சட்டென்று லேன் மாறும்போது பின்பக்கம் வீசி விபத்துகளுக்குள்ளானது. நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது டிக்கியில் ஒரு ஸ்பாய்லர் வைத்தது. கூடவே சஸ்பென்ஷனை மாற்றியது, வண்டி வழுக்காமல் தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்பி பொருத்தியது. ஸ்பாய்லர் ஒன்றே போதும் என்று அவர்களும் நினைக்கவில்லை.

## அறிகுறி 4: வேகமான வளைவில் மூக்கு திரும்ப மறுக்கிறது

பெரிய விங் போட்ட முன்சக்கர டிரைவ் வண்டிகளில் இது வந்தே தீரும். விங் பின் அச்சுக்கு மேலே நிற்பதில்லை, அதற்கும் பின்னால் தொங்குகிறது. சீசா மாதிரி அது முன்பக்கத்தைத் தூக்கும்.

கணக்குப் பாருங்கள். வீல்பேஸ் 2.45 மீட்டர், விங் பின் அச்சுக்கு 70 செ.மீ. பின்னால். 40 கிலோ அழுத்தினால் பின் அச்சுக்கு 51 கிலோ கூடும், முன் அச்சில் 11 கிலோ குறையும். அதோடு உயரத்தில் இருக்கும் விங்கைக் காற்று பின்னோக்கி இழுப்பதாலும் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் எழும். திருப்புவது, இழுப்பது, பெரும்பாலான பிரேக் என எல்லா வேலையும் முன் டயரிலேயே நடக்கும் வண்டியில் அந்த எடை போவது நன்றாகத் தெரியும். ஸ்டியரிங் லேசாகும், வளைவில் கோடு அகலும்.

முதலில் வழக்கமான கிளைக் கேள்வி: மெதுவான வளைவிலும் மூக்கு அகல்கிறதா? ஆம் என்றால் முன் டயர், அதில் உள்ள காற்று, அலைன்மென்ட். வேகத்தில் மட்டும் என்றால் செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

கோணத்தைக் குறையுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அதன்மேல் போனை வைத்தால் லெவல் ஆப் டிகிரியைக் காட்டும். எழுதிவையுங்கள். இரண்டு இரண்டு டிகிரியாகக் குறைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே வளைவை அதே வேகத்தில் எடுங்கள். அன்றைக்கு டயர் காற்றையோ ஷாக் செட்டிங்கையோ தொடாதீர்கள், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கோணம் முழுக்க இறங்கியும் போதவில்லை என்றால் விங்கை முன்னால் நகர்த்த முடியுமா பாருங்கள். 10 செ.மீ. நகர்ந்தாலும் நெம்புகோல் குறையும். அதற்கும் மேல் என்றால் முன் லிப் அல்லது ஸ்ப்ளிட்டர் (முன் பம்பரின் அடியில் முன்னோக்கி நீட்டும் தட்டைத் தகடு). அது காசு, தரை இடைவெளி, ஸ்பீட் பிரேக்கர் மூன்றோடும் சம்பந்தப்பட்டது. என்னிடம் கேட்டால், தினமும் ஆபீஸ் போகிற ஹேட்ச்பேக்கில் இந்தக் கட்டத்துக்கு வந்தவர் சின்ன விங்குக்கு மாறுவதே நல்லது. முன்னும் பின்னும் சமமாக வராத அழுத்தம் வேகத்தைக் கொடுக்காது, பயத்தைத்தான் கொடுக்கும். டிராக்குக்கே செய்யும் வண்டி என்றால் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு எடை என்று காட்டும் கார்னர் வெயிட் தராசு வைத்திருக்கும் பந்தயப் பட்டறையைப் பிடியுங்கள்.

## அறிகுறி 5: மைலேஜ் குறைந்தது, டாப் ஸ்பீட் ஏறவில்லை

ஊருக்குள் மட்டும் மைலேஜ் குறைந்தால் விங்கைச் சந்தேகிக்காதீர்கள். டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் குறைந்தால், விங்கோடும் விங் இல்லாமலும் ஒரே சாலையில், காற்றில்லாத நேரத்தில், 80-ல் நிலையாக, போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள்.

வித்தியாசம் இருந்தால் கோணம்தான் முதல் சந்தேகம், மேலே சொன்ன நூல் சோதனை இங்கும் பொருந்தும். அடுத்தது பின்விளிம்பில் செங்குத்தாக நிற்கும் பட்டை. 1971-ல் அமெரிக்கப் பந்தயக்காரர் டான் கர்னி, பாபி அன்ஸர் ஓட்டிய பந்தயக் காரின் விங்கில் அதைப் பொருத்தினார், இன்றும் கர்னி ஃப்ளாப் என்றே பெயர். விங் அகலத்தில் ஒன்றிரண்டு சதவீத உயரமே அதற்குப் போதும். 25 செ.மீ. விங்குக்கு 3–5 மி.மீ. கடையில் விற்பது சில நேரம் 2 செ.மீ. இருக்கும், அது காற்றுக்கு நடுவே எழுப்பிய சுவர். வெட்டிவிடுங்கள்.

காற்றைத் தள்ள வேண்டிய பவர் வேகத்தின் மும்மடிப்படி ஏறும். 80-லிருந்து 160-க்குப் போக எட்டு மடங்கு. ஆகவே சின்ன இன்ஜினில் பெரிய விங் வைத்தவருக்கு டாப் ஸ்பீட் குறைவது கோளாறு அல்ல, விலை.

## அறிகுறி 6: டிக்கிக்குள் தண்ணீர், டிக்கி நிற்க மாட்டேன் என்கிறது

உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்காரவைத்து, டியூபில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து மேலாக வர வேண்டும், மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து குழப்பும். முதலில் டிக்கி ரப்பர், அப்புறம் பின்விளக்கு கேஸ்கெட், கடைசியாக ஸ்பாய்லர் போல்ட்டுகள்.

போல்ட் வழியே வந்தால் கழற்றி, ஓட்டையின் விளிம்பு துருவேறியதா பாருங்கள். பெயின்ட் போன பச்சைத் தகடு தெரிந்தால் தேய்த்து, பிரைமர், பெயின்ட் கொடுத்து, பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத பிசின் போன்ற ரப்பர் டேப்) வைத்து முறுக்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிக்கோன் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் பச்சைத் தகட்டைத் தின்னும். துரு உள்தகட்டுக்குப் போயிருந்தால் டிங்கரிங்.

டிக்கி தானாக இறங்கினால் அதைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் பழையது, அல்லது கூடிய எடைக்குப் போதவில்லை. இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். அதுவரை தலையை உள்ளே விடும்போது ஒரு கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

## அறிகுறி 7: தானாக எழும் ஸ்பாய்லர் எழவில்லை

முதலில், அது எழ வேண்டிய வேகத்தில்தான் ஓட்டுகிறீர்களா? இரண்டாம் தலைமுறை ஆடி டிடியில் அது 120-ல் எழும், 80-க்குக் கீழே வந்தால் மடங்கும். ஊருக்குள் எழவில்லை என்று கவலைப்பட ஒன்றுமில்லை. நிறுத்தியபடி சுவிட்சை அழுத்திப் பாருங்கள். மோட்டார் சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ். சத்தம் வந்து பாதியில் நின்றால் இடுக்கில் வேப்பிலையும் மண்ணும் சேர்ந்திருக்கும், பிரஷ்ஷால் சுத்தம் செய்து தண்ணீர் வடியும் ஓட்டையைத் திறந்துவிடுங்கள். கையால் இழுக்கவோ அழுத்தவோ வேண்டாம், பல்சக்கரம் போய்விடும். அதற்குப் பிறகும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்றால் ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டர்தான்.

## அறிகுறி 8: பின்னால் வருபவர்கள் "பிரேக் லைட் தெரியல" என்கிறார்கள், ஆர்டிஓ-வில் நிறுத்துகிறார்கள்

இருட்டில் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, பின்னால் நடந்து சென்று, லாரி டிரைவர் உயரத்திலிருந்தும் பைக் உயரத்திலிருந்தும் பாருங்கள். நடு பிரேக் லைட்டை விங் மறைத்தால் தூணை உயர்த்துங்கள், அல்லது லைட் உள்ள ஸ்பாய்லராக மாற்றுங்கள். லைட் எரியவே இல்லை என்றால், ஸ்பாய்லர் மாட்டும்போது வயர் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பச் செருகாமல் விட்டிருப்பார்கள். டிக்கியின் உட்புற அட்டையைப் பிரித்தால் தெரியும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நிறுவனமே அந்த மாடலுக்குக் கொடுக்கும் ஸ்பாய்லரில் சிக்கல் வராது. வண்டி அகலத்தைத் தாண்டி நீட்டும் டிராக் விங் என்றால், போல்ட் நான்கையும் சுலபமாகக் கழற்றும்படி அமைத்து, டிராக்குக்குப் போய் மாட்டி, திரும்பும்போது கழற்றி வண்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் புது நைலாக் நட்.